இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு

சேலத்தில் பழைய வீடு ஒன்று வாங்குவதற்காக ஒரு புரோக்கர் ஆபீஸோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு போடுவேன். அந்த இரண்டும் வீடு காட்டிய தம்பிக்கு. விலை பேசிய அண்ணனுக்கு அதில் பங்கு கிடையாது. ஆபீஸ் பெயரை எழுதப் போவதில்லை. அதே ரோட்டில் இன்னும் மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினேன், எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். இவர்களை மட்டும் பெயர் சொல்லி எழுதினால் மற்ற மூவரும் யோக்கியர்கள் என்று ஆகிவிடும்.

பேரம் தெரியாத ஆள் இல்லை நான். செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வியாபாரி வந்து உட்கார்ந்தால் டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கிராம் கிராமாக இழுப்பார். நாங்களும் விடமாட்டோம். ஆனால் தராசு இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும், அதில் ஓடுகிற நம்பர் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியும். வீட்டு பேரத்தில் அந்தத் தராசை அண்ணன் தன் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் காட்டிய மூன்று வீடுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீலநாயக்கன்பட்டியில் ஒன்று, ராத்திரி பூரா பைபாஸ் லாரிச் சத்தம். அம்மாபேட்டையில் ஒன்று, ஆட்டோகூட நுழையாத சந்து, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். குகையில் ஒன்று, நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டைவிட மோசம். நாலாவதாகக் கன்னங்குறிச்சி வீட்டைக் காட்டினார்கள். முதல் மூன்றையும் எதற்குக் காட்டினார்கள் என்பது நாலாவதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பட்டுப்புடவைக் கடையிலும் இப்படித்தான் எடுத்துப் போடுவார்கள்.

மனை 1,200 சதுர அடி, கட்டடம் ஒன்பது சதுரம், அதாவது 900 சதுர அடி, கட்டிப் பன்னிரண்டு வருஷம். மூக்கனேரி நடந்து போகிற தூரம். மாடிக்கு ஏறினால் எதிரே மலை. பொழுது சாய்ந்தால் ஏற்காடு போகிற வண்டிகளின் வெளிச்சம் ஒவ்வொரு வளைவிலும் மறைந்து மறைந்து மேலே ஏறுவது தெரியும். எங்கள் வீட்டுக்காரர் அங்கேயே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்த மனுஷன், மலையைப் பார்த்துப் பேச்சில்லாமல் நின்றால் நமக்குத் தெரியாதா? தம்பிக்கும் தெரிந்துவிட்டது. "அக்கா, சாருக்குப் புடிச்சுப் போச்சுங்க" என்று சிரித்தான்.

அந்தத் தம்பியைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தான். மேட்டூர்த் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், போர் எத்தனை அடி, சாக்கடை எந்தப் பக்கம் போகிறது எல்லாம் தெரிந்திருந்தது. மழை பெய்தால் தெரு முனையில் கணுக்கால் அளவு தண்ணி நிற்கும் என்பதைக்கூட நான் கேட்காமலே சொன்னான். விற்கிற ஆள் இதைச் சொல்வது அபூர்வம். இன்னொரு நல்ல காரியமும் செய்தான், அது பிறகு.

விலை பேச ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) நம்பர் போட்ட போர்டு. அந்த நம்பரை வீட்டுக்கு வந்து பார்த்தேன், அவர்கள் எப்போதோ விற்ற ஒரு லேஅவுட்டின் நம்பர் அது. 2016-ல் வந்த அந்தச் சட்டம் புது மனைப்பிரிவு, அடுக்குமாடி மாதிரியான புராஜெக்டுகளை விற்கிற ஏஜென்ட் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒருத்தர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருத்தருக்குக் கைமாற்றுகிற பேரத்துக்கு அந்த போர்டு ஒரு காலண்டர் அளவுக்குத்தான் உதவும்.

அண்ணன் 58 லட்சம் என்றார். நான் 52 என்றேன்.

"அக்கா, அந்த ரேட்டுக்கு வாழப்பாடில வேணா பாக்கலாங்க."

"பன்னண்டு வருஷத்துக் கட்டடங்க. மாடிப்படி பக்கம் ஓதம் ஏறியிருக்கு."

"வியூவுக்கே ரெண்டு லட்சம் குடுக்கலாங்க்கா. மாடில நின்னு பாத்தீங்கல்ல?"

மலையை யாரும் பத்திரம் பண்ணித் தர முடியாது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து மேஜை மேல் குப்புற வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்குங்க. சாயங்காலம் டோக்கன் அட்வான்ஸ் போட வர்றேன்னு இருக்காங்க. உங்க முகத்துக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். ஒரு லட்சம் இப்ப போட்டுருங்க, மத்ததெல்லாம் பொறவு பேசிக்கலாம்."

நான் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். தைரியம் எல்லாம் இல்லை. பையில் ஒரு லட்சம் இல்லை, அவ்வளவுதான்.

ராத்திரி தூக்கம் இல்லை. "போயிருமோ?" என்று எங்கள் வீட்டுக்காரர் நாலு தடவை கேட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. அந்தப் பார்ட்டி பெங்களூரில் ஐ.டி. வேலையாம், 57-க்குக் கேட்கிறாராம். பட்டறைப் பழக்கம், கையில் இருந்த நோட்டில் தேதி போட்டு எழுதினேன். ஜூன் 15, பெங்களூர் ஐ.டி., 57. மூன்று நாள் கழித்து மறுபடியும் போன், ஒரு டாக்டர் குடும்பம், ஐம்பத்தேழரை. அதையும் எழுதினேன். ஜூன் 24-ல் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஓனர் வந்தார், 58, மொத்தமும் ரொக்கம். ஜூலை 2-ல் துபாயில் இருந்து ஒருவர். நடுநடுவே பெங்களூர்க்காரர் திரும்பி வருவார், ஒருமுறை அவர் சென்னைக்காரராகவும் இருந்தார். ஜூலை பாதிக்குள் இருபத்தேழு போன். நோட்டில் ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் போய்விட்டது.

கணக்கு எழுதுகிறவளுக்கு ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. கமிஷன் 2 சதவீதம் என்று பேச்சு. 58-க்கு முடிந்தால் அவருக்கு 1,16,000. நான் ஒரு லட்சம் ஏறி வந்து 53-க்கு முடிந்தால் 1,06,000. நடுவில் வித்தியாசம் பத்தாயிரம் ரூபாய். பத்தாயிரத்துக்காக ஒரு மனுஷன் இருபத்தேழு தடவை போன் பண்ணுவாரா? கமிஷனுக்கு வேலை செய்கிறவர் என்றால், இந்த அக்கா தருகிற விலைக்கு ஓனரைச் சரிக்கட்டி முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதானே லாபம்? அவர் அந்த ஐந்து லட்சத்துக்காகத் தன் சொந்தப் பணம் மாதிரி சண்டை போட்டார். சொந்தப் பணம்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பணம் கட்டும் விதத்திலும் ஒரு திட்டம் வைத்திருந்தார். "பத்திரத்துல 48 போட்டுக்கலாங்க்கா. மிச்சம் பத்து லட்சம் கையில. ஆபீஸ்ல குடுத்துட்டீங்கன்னா நாங்களே ஓனருக்குச் சேத்திருவோம். முத்திரைத்தாளும் பீஸும் உங்களுக்குத் தொண்ணூறாயிரம் மிச்சம்." தொண்ணூறாயிரம் என்ற கணக்கு சரிதான். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4-ல் இருந்து 2 சதவீதமாகக் குறைத்து, அரசு நிர்ணயிக்கிற கைடுலைன் மதிப்பைப் பழையபடி ஏற்றினார்கள். முத்திரைத்தீர்வை 7, கட்டணம் 2, ஆக ஒன்பது. பத்து லட்சத்துக்குத் தொண்ணூறாயிரம். ஆனால் நான் வங்கிக் கடனில் வாங்குகிறவள். பத்திரத்தில் இருக்கிற விலையைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கும், பத்து லட்சம் ரொக்கத்துக்கு நான் எங்கே போவது? அதோடு நிலம், வீடு விற்பதில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூனில் இருந்தே வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கின தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம், அதுவும் வாங்கினவருக்கு. பட்டறைக்கு வரும் ஆடிட்டர் இதை எங்கள் முதலாளிக்கு வருஷம் ஒருமுறை ஓதுவார், கூட உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். அண்ணனிடம் சொன்னேன். "அதெல்லாம் பேப்பர்ல இருக்கும்க்கா" என்றார்.

டோக்கன் ரசீது எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னேன். அச்சடித்த புத்தகம். தலைப்பில் ஆபீஸ் பெயர். ஓனர் பெயருக்கு இடமே இல்லை. கீழே எறும்பு எழுத்தில் 'எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று ஒரு வரி. வாயால் சொன்னது மட்டும், "புடிக்கலைன்னா அப்படியே திருப்பிக் குடுத்துருவோம்க்கா, நம்பிக்கைதானே எல்லாம்."

நான் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். 52 லட்சம் தருகிறேன், ஓனர் பெயருக்கு 25,000 ரூபாய் செக், கூடவே ஒரு வெள்ளைத் தாளில் பதிவான கிரயம், கடன்களைக் காட்டும் வில்லங்கச் சான்றும் வக்கீல் ஒப்பீனியனும் சரியாக இருந்தால் மட்டுமே கிரயம், இல்லாவிட்டால் பணம் திரும்ப என்று எழுதி ஓனர் கையெழுத்து. அண்ணன் அந்தத் தாளை ஓனரிடம் கொண்டு போகவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. எனக்குச் சொன்ன பதில், "ஓனர் கோவிச்சுக்கிட்டாருங்க."

பட்டா ஜெராக்ஸ் கேட்டால் டோக்கன் போட்ட பிறகுதான் என்றார்கள். இங்கேதான் தம்பி செய்த நல்ல காரியம். ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் பட்டா வந்து விழுந்தது. கூடவே ஒரு வார்த்தை: "நான் அனுப்பினேன்னு சொல்லிடாதீங்க்கா." இன்றுவரை அவனிடம் ஏன் என்று கேட்கவில்லை. ஓதத்தைப் பற்றி நான் பேசியபோது அவனும் குனிந்து சுவரைத் தட்டிப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சர்வே நம்பர் கிடைத்ததும் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். பார்ப்பதற்குக் காசு கிடையாது, பொறுமைதான் வேண்டும், பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013-ல் கிரயம். 2016-ல் ஒரு வங்கிக்கு உரிமைப் பத்திரம் ஒப்படைத்து வாங்கிய கடன். அதை அடைத்ததற்கான ரசீது பதிவாகவில்லை. அதாவது மூலப் பத்திரம் இன்னும் வங்கி லாக்கரில் இருக்கிறது. இது ஒன்றும் பெரிய குற்றம் இல்லை, பாதி ஊர் வீடுகள் அப்படித்தான். ஆனால் நான் இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் "கடன் எதுவும் இல்லைங்க, கிளியர் டாக்குமெண்ட்" என்று பதில் வந்திருந்தது.

ஓனரைப் பார்க்காமல் இனி ஒரு அடி எடுத்து வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கன்னங்குறிச்சிக்குப் போய்ப் பக்கத்து வீட்டில் தண்ணி கேட்டேன். கோலப்பொடி டப்பாவோடு நின்ற அந்த அம்மா சொம்பைக் கொடுத்துவிட்டு, "வாத்தியார் வீட்டைப் பாக்க வந்தீங்களா? அவரு ஆத்தூர்ல மவன்கூட இருக்காரு" என்று சொல்லிப் போன் நம்பரும் தந்துவிட்டார். கூடுதலாக ஒன்று கேட்டேன், வீட்டைப் பார்க்க நிறையப் பேர் வருகிறார்களா என்று. "எங்கங்க, உங்களுக்கு முன்னாடி மாசியில ஒருத்தர் வந்தாரு, அத்தோட சரி."

அதற்குள் ஆடி நெருங்கிவிட்டது. அண்ணனின் போன் நாளைக்கு இரண்டு தடவை ஆனது. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் ஆகாது, அதற்கு முன் டோக்கன் போடுங்கள் என்றார். நான் சொன்னேன், "ஆடி முடியட்டும்ங்க, ஆவணியில பேசலாம்." எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்கு ஆடியில் அவ்வளவு நம்பிக்கை என்று இல்லை. ஆடியில் வேறு யாரும் டோக்கன் போடமாட்டார்கள் என்பதில் நம்பிக்கை. நிஜமாகவே ஒரு பார்ட்டி இருந்தால் ஆடி பிறப்பதற்குள் வாங்கிவிடும். இல்லையென்றால் ஊரே கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும் ஒரு மாதம் எனக்கு ஓசியில் கிடைக்கும். அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. ஆடி பிறந்து நாலாம் நாள் போன்: "ஆடிப்பெருக்குக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே பத்திரம் பதியறதுக்கு எக்ஸ்ட்ரா டோக்கன் குடுக்கறாங்க்கா, கவர்மெண்டே நல்ல நாள்னு சொல்லுது, நீங்க என்ன..." அதையும் நோட்டில் எழுதினேன்.

ஆடி இரண்டாவது வாரம் நாங்கள் இரண்டு பேரும் ஆத்தூர் பஸ் ஏறினோம்.

வாத்தியார் ஐயா மெலிந்த மனிதர், பேச்சு மெதுவாகத்தான் வந்தது. நாங்கள் உட்கார்ந்து காபி வந்த பிறகு, 58 லட்சம் எங்களுக்குக் கட்டாது என்று ஆரம்பித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அம்பத்தெட்டா? நான் கைக்கு அம்பத்துமூணுன்னு சொன்னேம்மா. மேல வர்றதை நீங்களே பாத்துக்கங்கன்னுட்டேன். ரெண்டு, மூணு லட்சம்னு நெனச்சேன்." உள்ளேயிருந்து அவர் மனைவி, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனை நாளாக இடித்த கணக்கு அங்கே நேரானது. 53-க்கு மேல் வருகிற ஐந்து லட்சம் அண்ணனுடையது. அது கைக்கு வர வேண்டும் என்றால் பத்து லட்சம் ரொக்கம் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும். செக் என்றால் மாட்டிக்கொள்ளும். ஓனர் வாயில் நெட் ரேட்டை வாங்கிக்கொண்டு மேலே வைத்து விற்பது இந்தத் தொழிலில் புதிது இல்லை என்று பிறகு எங்கள் முதலாளி சொன்னார். என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி நோட்டு மிச்சமாகியிருக்கும்.

வங்கிக் கடனை ஐயா மறைக்கவே இல்லை. பாக்கி ஆறு லட்சத்துச் சொச்சம், வட்டி ஏறுகிறது, அதை முடிக்கத்தான் விற்கிறேன் என்றார். நாங்கள் முதலில் அந்தக் கடன் கணக்குக்கே செக் கொடுத்து அடைப்பதாகச் சொன்னதும் ஐம்பதாயிரம் குறைத்தார். 52,50,000. பேச்சு முடிய முக்கால் மணி நேரம், அதில் பாதி எங்கள் பையன் என்ன படிக்கிறான் என்பதைப் பற்றி.

திரும்பி வரும் பஸ்ஸில் சண்டை எனக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும். "இவ்ளோ பண்ணினவனுக்குக் கமிஷனா? ஒரு பைசா குடுக்காத" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆர்டர் கொண்டுவந்த ஆளுக்கு உரியதைக் கொடுக்காத பட்டறை நிலைக்காது என்று பார்த்து வளர்ந்தவள். வீட்டைக் காட்டினது அவர்கள். சாவி, பெட்ரோல், நாலு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் 2 சதவீதத்துக்கான வேலை நடக்கவில்லை. வாழப்பாடி தாண்டுவதற்குள் 1 சதவீதம் என்று சமாதானம் ஆனது.

ஆபீஸுக்குப் போய், ஓனரோடு பேசி முடித்துவிட்டோம் என்று சொன்னதும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "முதுகுக்குப் பின்னாடி போயிட்டீங்களேக்கா, இது தர்மமா?" நான் நோட்டைப் பிரித்து முதல் வரியில் இருந்து வாசித்தேன். பெங்களூர் ஐ.டி., டாக்டர், ரிக் ஓனர், துபாய். ரிக் ஓனரிடம் வந்தபோது ஏசி ரூமில் இருந்த இன்னொரு பையன் வெளியே போய்விட்டான். தம்பி கம்ப்யூட்டர் திரையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. முடித்துவிட்டு, "இதுல ஒருத்தரு போன் நம்பரைக் குடுங்க, நான் 58-க்கு அவருக்கே விட்டுக் குடுத்தர்றேன்" என்றேன். அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறமும் 2 சதவீதம்தான் கேட்டார், 1,05,000. பதிவுக் கட்டணமாக அரசாங்கம் கேட்டதும் சரியாக அதே தொகை. அவர்கள் அதற்குப் பத்திரம் கொடுக்கிறார்கள் என்றேன். 52,500-க்கு செக் எழுதினேன், வாங்கிக்கொண்டார். கிரயம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் ஓனர் தொகையில் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். அதுவும் அதே 52,500, ஐயா கணக்கில் சேருகிற வரி.

ஆவணியில் பதிவு. அண்ணன் வரவில்லை. தம்பி வந்து காலையில் இருந்து எங்களோடு சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நின்றான். ஐயாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான், சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் ஒன்று குறைந்தபோது தன் ஆதாரை நீட்டினான். அதற்குத்தான் அந்த இரண்டு மார்க்.

போன ஐப்பசியில் ஒரு நாள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மழை வருகிற மாதிரி மலை கறுத்துக் கிடந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை உண்டு. கீழே கார் வந்து நின்றது, அண்ணன் இறங்கினார், கூட ஒரு இளம் ஜோடி, அந்தப் பெண் கையில் குழந்தை. மனையைக் காட்டிக் கை நீட்டிப் பேசினார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார், ஆனால் தெரு அமைதியாக இருந்ததால் மாடி வரைக்கும் கேட்டது.

"இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்குங்க. அதோ, எதுத்த வீட்டு அக்காவே கேட்டுட்டு இருக்காங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். நான் கையில் இருந்த ஈரத் துண்டோடு கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்து, அந்தப் பெண்ணைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினேன்.